மாதேவி வெட்கப்படமாட்டாள்

செப்டம்பர் 2, திங்கள்

இன்று கோட்டைக்குள் இன்னொரு அநாதை வந்து சேர்ந்தான். பெயர் நிழல்வேந்தன். கறுப்பு அங்கி. ஒரு கண் கறுப்பு, மற்றது வெள்ளி நிறம். தாய் தகப்பன் இருவரையும் அவன் கண்ணெதிரே வெட்டிவிட்டார்களாம். அதனால் சிரிக்கவே மாட்டானாம். வந்ததும் என்ன செய்தான்? தூணில் சாய்ந்து நின்றான். எங்கள் கோட்டையில் கறுப்பு அங்கி போட்ட எவனும் நேராக நின்றதாகச் சரித்திரம் இல்லை. இத்தனை பேர் சாய்ந்தும் அந்தத் தூண் விழாமல் நிற்கிறதென்றால் கட்டிய கொத்தனாரின் கைராசிதான்.

அலைவாய்க் கோட்டை என்பது டெலிகிராமில் நாங்கள் சேர்ந்து எழுதும் கதை. பழங்காலத் துறைமுகம் ஒன்று, அதில் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் தன் ஆள் செய்ததையும் சொன்னதையும் எழுதி நிறுத்துவார். அடுத்தவர் தன் ஆளின் பதிலை எழுதுவார். கதை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் ருசி. நான் அட்மின். என் பாத்திரம் சுங்கத்தலைவி மாதேவி. அவளை ஏமாற்றி ஒரு மிளகு மூட்டைகூடக் கரையேறாது. எங்கள் முதல் விதி, அடுத்தவர் பாத்திரத்தின் வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது என்பது. அவரவர் ஆளுக்கு அவரவர்தான் பேச வேண்டும்.

அட்மின் என்பவள் குழுவில் இனிக்க இனிக்கப் பேசியாக வேண்டும். “அருமையான அறிமுகம் தம்பி, இன்னும் கொஞ்சம் செதுக்கலாம்” என்று போட்டுவிட்டேன். மனதில் உள்ளதைக் கொட்டத்தான் இந்த நோட்டு.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டார். “சாப்ட்டியா?” என்றார். “சாப்ட்டேன்” என்றேன். “மழை உண்டா?” என்றார். “இல்ல” என்றேன். ஏழு வருடக் கல்யாணம், அதில் ஆறு வருடம் இந்த வசனம்தான். மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவாரா, ஒரேயடியாகப் பாளையங்கோட்டைக்கு வந்துவிடுவாரா என்று அதற்குள் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும். அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

செப்டம்பர் 4, புதன்

கோட்டையில் யாழ்மொழி மயங்கி விழுந்தாள். போன வாரம் விஷம், அதற்கு முன்னால் அம்பு, அதற்கும் முன்னால் பழசெல்லாம் மறந்துபோகும் வியாதி. இன்றைக்குக் காரணமே இல்லை. சந்தையில் எல்லோரும் கப்பல் கொள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், தன்னை யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் பொத்தென்று விழுந்துவிட்டாள். உடனே ஆளுக்காள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்க வேண்டும். நிழல்வேந்தன் தூணைவிட்டு வந்து தாங்கிப் பிடித்தான். அப்போது மழை வேறு. அவன் வந்ததிலிருந்து கோட்டையில் வெயில் அடித்து நான் பார்க்கவில்லை.

யாழ்மொழியை எழுதுகிற சுபா கோயம்புத்தூர்க்காரி, நல்ல பிள்ளை. ஆனால் மயக்கம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தினமும் ஊசி குத்துகிறவள் நான். இன்றுகூட மீசை முறுக்கிய போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டி, “சும்மா குத்துங்கம்மா, நாங்க பாக்காத ரத்தமா” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியிலிருந்து சரிந்தார். கூந்தல் காற்றில் அலையவில்லை. வாயோரம் எச்சில் வடிந்தது. எழுந்ததும், “வெளிய சொல்லிராதீங்க” என்றார்.

செப்டம்பர் 6, வெள்ளி

மஸ்கட்டில் வெள்ளி விடுமுறை. மதியம் நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டார்.

“பியூலா, ஒண்ணு கேக்கணும்.”

இதே பீடிகை இரண்டு தடவை கேட்டவள் நான். முதல் தடவை ஒப்பந்தத்தை நீட்டியபோதும், “பியூலா, ஒண்ணு சொல்லணும்.” அன்றைக்கு அழுதேன். இரண்டாம் தடவையும் அதே. அன்றைக்குச் சண்டை போட்டேன். இரண்டுக்கும் அவர் சொன்ன பதில் “ம்.”

“ஆளு வந்திருக்காங்க, அப்பறம் பேசுதேன்” என்று வைத்துவிட்டேன். யாரும் வரவில்லை. வெண்டைக்காய்ப் பொரியல் கொழகொழவென்று இருந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

செல்லத்துரை அண்ணாச்சியைப் பற்றி எழுதாமல் விட்டால் பாவம் சேரும். நாகர்கோவில்காரர், எங்கள் கோட்டையின் படகோட்டி. இன்று மாதேவி அவர் படகில் ஏறி, கள்ளச்சரக்கு எந்தத் தீவில் இறங்குகிறது என்று கேட்கிறாள். நான் கடலை எழுதினேன், நிலாவை எழுதினேன், மாதேவியின் இடுப்புக் கத்தியை எழுதினேன். ஒரு பக்கத்துக்குக் குறையாது. அதற்கு அவர் எழுதிய பதில்: “படகோட்டி சிரித்தான்.”

அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எதற்குச் சிரித்தான்? தெரிந்து சிரித்தானா, பல்லில் வலியா? சுவரோடு பேசினாலாவது எதிரொலி வரும். ஒற்றை வரிக்காரர்களோடு எழுதுவதும் ஒற்றை வரிக்காரரோடு குடும்பம் நடத்துவதும் ஒன்றுதான். அவர்கள் பாட்டையும் சேர்த்து நாம்தான் பாட வேண்டும்.

நேற்று சர்ச்சில் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் ஜெசிந்தா அக்கா கேட்டாள், “தவராஜ் எப்ப வாரான்? இந்தத் தடவையாவது வந்துருவானா?” பெரிய புன்னகையாகப் போட்டேன். “அவுக இஷ்டம்க்கா” என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

அக்கிரமம். புதிதாகச் சேர்ந்த இளம்பரிதி என்பவன் இன்று செய்ததை மன்னிக்கவே முடியாது. அவனுடைய ஆள் ஒரு வணிக இளவரசன். இளவரசன் என்றாலே எனக்கு ஆகாது, அது வேறு விஷயம். சுங்கச்சாவடிக்கு வந்தவன் தன் வசனத்தைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டியதுதானே? நிற்கவில்லை. இப்படி எழுதிவிட்டான்:

“இளவரசனின் வீரம் கண்டு மாதேவி வெட்கத்துடன் தலைகுனிந்தாள். ‘தங்களுக்கு ஏது வரி?’ என்று கொஞ்சும் குரலில் சொன்னாள்.”

வெட்கமா? என் மாதேவியா? சோழியன் குடுமி சும்மா ஆடாது, வரி ஏய்க்க வந்த பயல் இவன் என்று இளவரசனைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாள். மூட்டையை அவிழ்க்கச் சொல்லியிருப்பாள். ஆறு வருடமாக ரத்தமும் சதையுமாக நான் வளர்த்தவளைப் பிடித்து ஒருவன் கொஞ்ச வைத்துவிட்டான்! லேபில் ஒரு ரிப்போர்ட்டில் பெயரை மாற்றி அடித்துவிட்டேன். நல்லவேளை, அச்செடுக்கும் முன்னால் கண்ணில் பட்டது.

சனிக்கிழமை பஞ்சாயத்து என்று அறிவித்துவிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

பஞ்சாயத்து என்றால் குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் குரல் அழைப்பில் கூடுவோம். குற்றம் சொன்னவர் பேசுவார், செய்தவர் பேசுவார், பிறகு அட்மின் தீர்ப்பு.

இளம்பரிதியின் குரலை இன்றுதான் கேட்டேன். சேலம் பக்கம் போலிருக்கிறது. பயமே இல்லை.

“அக்கா, இதுல என்னங்க்கா தப்பு? கதை வேகமா போவணும்ல? நீங்க எப்படியும் அதைத்தான் எழுதப் போறீங்க. நேரம் மிச்சம்னு நானே எழுதிட்டேன்.”

“நான் என்ன எழுதுவேன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“இத்தனை நாளா படிக்கறேனே. மாதேவி எப்ப என்ன பேசுவாங்கன்னு தெரியாதா?”

என்ன திமிர்! கொஞ்ச நாள் ஒருத்தியைப் பார்த்துவிட்டால் அவள் மனது இவனுக்கு அத்துப்படியாம். நான் சும்மா விடவில்லை. கூட்டுக்கதை எழுதுகிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை, எதிராளி வாயைத் திறக்கும்வரை காத்திருக்கத் தெரியாதவன் தனியாக உட்கார்ந்து நாவல் எழுதலாம், இங்கே இடமில்லை என்று சொல்லி வெளியே தள்ளினேன். நிழல்வேந்தனை எழுதும் பையன் கைதட்டும் படம் போட்டான். சுபா, “சூப்பர் அக்கா, கண்ணு கலங்கிருச்சு” என்றாள். இவளுக்கு எதற்குத்தான் கலங்கவில்லை. அண்ணாச்சி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நெடுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

காஸ் தீர்ந்தது. சிலிண்டர் சொல்லியாயிற்று. கோட்டையில் வைத்தியராக எழுதுகிறவர், மூடிய அறைக்குள் இரண்டு பேர் காதோடு காதாகப் பேசிய ரகசியத்தை மறுநாள் சந்தையில் சொல்கிறார். எப்படித் தெரியும் என்றால், குழுவில் அவரும் படித்தாராம். “நீங்க படிச்சீங்க, ஒங்க வைத்தியர் படிக்கலையே” என்று விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை.

மஸ்கட்டில் வீட்டுக்காரர் குரல் இரண்டு நாளாக ஒரு மாதிரி இருக்கிறது. “ஆல்வின் பேசுனானா?” என்று கேட்டார். ஆல்வின் என் தம்பி, தூத்துக்குடியில் இருக்கிறான். “அவன் எதுக்குப் பேசணும்?” என்றேன். “சும்மாதான்” என்றார். இவர் எதற்குச் சுற்றி வளைக்கிறார் என்று எனக்கா தெரியாது? என்னிடம் சொல்லத் தைரியம் இல்லை, தம்பியை விட்டுச் சொல்லச் சொல்லியிருப்பார்.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்று முடித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக் கூடாது.

மதியம் கூப்பிட்டார்.

“பியூலா, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“ஒப்பந்தம் முடியுதுல்லா. மேனேஜர் நேத்து கூப்ட்டு கேட்டாரு. நான் என்ன நெனச்சேன்னா…”

“இன்னும் ரெண்டு வருசம் நீட்டணும். அதான?”

“அதில்லட்டி, நீ…”

“நான் அழுவேன்னு நெனச்சீங்களா? அதெல்லாம் போன தடவையோட முடிஞ்சிட்டு. எப்படியும் நீங்க சொல்லப்போறது அதத்தான், ஒங்களுக்கு எதுக்குச் சங்கடம்னு நானே சொல்லிட்டேன். போடுங்க கையெழுத்த. எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல.”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

“நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியா?”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“ம்” என்றார். “சரி. சாப்டு.”

வைத்துவிட்டார். நான் அழவில்லை, சண்டை போடவில்லை, குரல்கூட உயர்த்தவில்லை. மாதேவி பேசியிருந்தாலும் இப்படித்தான் பேசியிருப்பாள். அவருக்கு வேறு வசனம் எப்போது இருந்தது? சோற்றைக் குப்பையில் கொட்டிவிட்டு, சர்க்கரை பார்க்க வந்த ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுத்தேன். நரம்பு அகப்படாமல் இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று. எனக்கு அப்படி ஆவதே இல்லை.

செப்டம்பர் 21, சனி

சிலிண்டர் வந்தது.

செப்டம்பர் 25, புதன்

கோட்டைக்கு முற்றுகை வந்திருக்கிறது. நிழல்வேந்தன் தனியாளாக ஒரு படையையே வெட்டிச் சாய்த்தான், ஒரு கீறல் இல்லை. தோற்கவே தெரியாதவனோடு என்ன கதை எழுதுவது? எழுதுகிற பையனைக் கேட்டால், “அவன் வலி எல்லாம் உள்ள இருக்குக்கா” என்கிறான். உள்ளே இருக்கிற வலியை வைத்துக்கொண்டு எனக்கென்ன? கொஞ்சம் வெளியே காட்டு, ஒரு விரலையாவது வெட்டிக்கொள்.

மாதேவி தன் பழைய கணவனைப் போர்க்களத்தில் பார்க்கும் காட்சியை எழுதினேன். கணவன் யாருடைய பாத்திரமும் இல்லை, நான் படைத்த துணைப்பாத்திரம், அதனால் விதிமீறல் ஆகாது. அவன் அவளைவிட்டுப் போனதற்கு மன்னிப்புக் கேட்கிறான். நீளமாகக் கேட்கிறான். சுபா எழுதினாள்: “அக்கா, நீங்க எழுதுனா ஆம்பளைங்க மனசு அப்படியே பேசுது. எப்படிக்கா?” அனுபவம் என்று போட்டுவிட்டு, அழித்துவிட்டேன். நன்றி என்று போட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

காலையில் செய்தி வந்தது. “கையெழுத்து போட்டாச்சு. அடுத்த வருசம் லீவுக்கு வாரேன். ஒடம்ப பாத்துக்கோ.”

நான் சொன்னேனே. வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. ஒரு அட்சரம் பிசகவில்லை. கடைசி நிமிடத்தில், “இல்ல பியூலா, நான் வந்துருதேன்” என்று ஒரு வரி எழுதுவாரோ என்று நான் எதிர்பார்த்ததாக யாராவது நினைத்தால் அவர்களுக்குப் பைத்தியம். ஆனால் பீரோவைத் திறந்து, அவருடைய சட்டைகளையெல்லாம் எடுத்து மறுபடி துவைத்துப் போட்டேன். புழுங்கல் வாடை அடித்தது. அதற்காகத்தான்.

அக்டோபர் 5, சனி

ஆல்வின் வந்தான். பையில் சீலா மீன். நான் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தேன், அவன் அடுக்களை வாசலில் நின்றபடி பேசினான்.

“அந்த மீன் கம்பெனில வேற ஆளப் போட்டுட்டாங்கக்கா. நல்ல வேல. ஸ்டோர் முழுக்க ஒரே ஆளு பொறுப்பு. என்ன செய்ய, குடுத்து வைக்கல.”

“எந்த மீன் கம்பெனி?”

“வெளையாடுதியா? அத்தானுக்குப் பாத்து வச்சிருந்தேம்லா, அது.”

மீன் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது.

“எப்ப?”

“ஜூலைலருந்து நாயா அலைஞ்சேன் யக்கா. அவரு மாசத்துக்கு நாலு தடவ போன் போட்டு, ‘கெடைக்குமால, கெடைக்குமால’ன்னு உயிர எடுத்துட்டாரு. ஒங்கிட்ட நான் சொல்லக் கூடாதுன்னாரு. ‘அவகிட்ட நானே கேக்கேன், வரட்டுமான்னு நானே கேக்கேன்’னாரு.” நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். “கேட்டாராம். நீ கையெழுத்து போடுங்கன்னுட்டியாமே. ‘அவளுக்கு அங்க ஒரு கொறையும் இல்லையாம்ல, நான் வந்து எதுக்கு’ன்னாரு. நான் என்னத்தச் சொல்ல?”

“நான் அப்படிச் சொல்லல” என்றேன்.

“அப்பம் என்ன சொன்ன?”

மீனை எடுத்துக் கழுவினேன். கழுவிக்கொண்டே இருந்தேன். “போதும்க்கா, கரைஞ்சிரும்” என்று குழாயை அவன்தான் மூடினான்.

அக்டோபர் 7, திங்கள்

குழுவில் ஒன்றும் எழுதவில்லை. மாதேவி முறை வந்து மூன்று நாளாயிற்று. இளம்பரிதி மன்னிப்புக் கேட்கிறான், திரும்பச் சேர்க்கலாமா என்று சுபா கேட்டிருந்தாள். பதில் போடவில்லை.

அக்டோபர் 9, புதன்

கூப்பிடலாம் என்று இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவரே கூப்பிடுவார். என்ன பேச வேண்டும் என்று மனதில் எழுதிப் பார்த்தேன். நான் இப்படிக் கேட்பேன், அவர் அப்படிச் சொல்வார், உடனே நான் இப்படி. நன்றாக வந்தது. மிக நன்றாக வந்தது. அப்போதுதான் எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

மதியம் போன் வந்தது. ரத்தம் எடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

“சாப்ட்டியா?”

“அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க?”

“என்னைக்கு?”

“கையெழுத்துக்கு முன்னால. ‘நான் என்ன நெனச்சேன்னா’ன்னு ஆரம்பிச்சீங்க.”

“அதான் நீயே சொல்லிட்டியே.”

“ஆல்வின் வந்தான்” என்றேன்.

அங்கே யாரோ எதையோ தாளிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு நாக்கு நுனியில் நாலு வரி வந்து நின்றது. ‘சரி விடுங்க, ரெண்டு வருசம்தான?’ என்பது ஒன்று. ‘ஏன் அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லல?’ என்பது இன்னொன்று. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். காத்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

“அன்னைக்கு ஒனக்கு போன் போடுததுக்கு முந்தி மூணு வாரமா மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்தேன்” என்றார் கடைசியில். “நீ வாங்கன்னு சொன்னா என்ன சொல்ல, வேலை செறுசுன்னு நீ சொன்னா என்ன சொல்ல, இத்தன வருசம் எங்க போனீங்கன்னு நீ கத்துனா என்ன சொல்ல. எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தேன். நீ கத்துவேன்னுதான் நெனச்சேன். ஒரு கொறையும் இல்லன்னு சொல்லுவேன்னு நான் நெனைக்கவே இல்ல. அதுக்கு எங்கிட்ட பதிலே இல்ல பியூலா.”

இத்தனை வருடத்தில் அவர் ஒருசேர இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இந்த மனிதரை எழுது என்று என்னிடம் கொடுத்திருந்தால், இதில் ஒரு வரிகூட எனக்குத் தோன்றியிருக்காது.

“நான் இல்லாம பழகிட்டா ஒனக்கு?” என்றார்.

“இல்ல” என்றேன். அழுதேன். வெளியே ரத்தம் கொடுக்கக் காத்திருந்தவர் யாரோ கதவைத் தட்டினார்.

“இத அன்னைக்குச் சொல்லியிருந்தா, நான் இப்பம் வீட்டுல இருந்திருப்பேம்லா” என்றார்.